ரயில் போகிறது, ஏன் நிற்கவில்லை? செட்டிநாட்டு ரயிலடிகள் ஓய்ந்த வரலாறு

காரைக்குடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "டேசன் கட்டடம் இருக்கு, ரயிலும் போகுது, அப்புறம் ஏன் நிக்க மாட்டேங்குது?" மீட்டர் கேஜ் என்ற பழைய குறுகிய தண்டவாளம் போய் அகலப்பாதை வந்துவிட்டது. ராமேசுவரம் ரயில் ஊரைத் தாண்டிப் போகும் சத்தம் இரவில் முற்றத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்கிறது. தாத்தா ஏறி இறங்கிய ரயிலடியிலோ வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறது. பாதை வளர வளர நிலையம் தேய்வது எப்படி என்று குழம்புவது நியாயம்தான்.

குழப்பத்துக்குக் காரணம், நிலையம் என்றால் பயணிகள் ஏறி இறங்கும் இடம் என்று மட்டும் நாம் நினைப்பது. ரயில்வேயின் கணக்கில் அது பல வேலைகள் ஒருங்கே நடக்கும் இடம். பயணி அந்த வேலைகளில் ஒன்று, அவ்வளவே. சிற்றூர் நிலையம் ஒரே நாளில் மூடப்படுவதும் அரிது. அதன் வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வந்து, எல்லாம் போன பிறகுதான் ரயில் நிற்காமல் போகிறது.

ரயிலடி பார்த்த வேலைகள்

மீட்டர் கேஜ் காலத்துச் சிற்றூர் நிலையம் ஐந்து வேலைகளைச் செய்தது.

1. பாதையைக் காப்பது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில்கள் வந்துவிடக் கூடாது. அதற்காகப் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் என்று விதி செய்தார்கள். இந்தத் துண்டுக்குப் பெயர் பிளாக். ஒவ்வொரு பிளாக்கின் இரு முனையிலும் ஒரு நிலையம் வேண்டும்.

2. ரயிலுக்கு ரயில் வழிவிடுவது. நிலையத்தில் மட்டும் தண்டவாளம் இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும். கிளைத் தண்டவாளத்தில் ஒரு ரயில் ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து போகும். இதைத்தான் பயணிகள் 'கிராசிங்' என்கிறார்கள்.

3. நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் தருவது. எல்லா நிலையங்களிலும் இது இல்லை, குறிப்பிட்ட இடைவெளியில் இருக்கும் சிலவற்றில் மட்டும்.

4. சரக்கும் பார்சலும் தந்தியும்.

5. பயணிகளுக்கு டிக்கெட் கொடுத்து ஏற்றி இறக்குவது.

முதல் வேலை நடக்கும் இடத்தை 'பிளாக் நிலையம்' என்பார்கள். ஸ்டேஷன் மாஸ்டர், தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன், சிக்னல் எல்லாம் அங்கே உண்டு. ஐந்தாவது வேலை மட்டும் நடக்கும் இடம் 'ஹால்ட்'. ஹால்ட்டுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் தேவையில்லை. பல ஹால்ட்டுகளில் கமிஷன் அடிப்படையில் உள்ளூர்க்காரர் ஒருவரே டிக்கெட் விற்பார். ஊர்க்காரர் கண்ணுக்கு இரண்டும் 'டேசன்'தான். ரயில்வேக்கு இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் மிகப் பெரிது. சிற்றூர் ரயிலடியின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது அந்த வித்தியாசமே.

முதல் வேலை நடந்த விதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அடுத்த நிலையத்து மாஸ்டர் சம்மதித்தால்தான் இந்த நிலையத்துப் பெட்டியிலிருந்து ஓர் உருண்டை வெளியே வரும். அதுதான் டோக்கன். ஒன்றை எடுத்துவிட்டால், அது மறுமுனைப் பெட்டிக்குள் போய்ச் சேரும்வரை இன்னொன்று வெளிவராதபடி இரு நிலையப் பெட்டிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். பிரம்பு வளையத்தோடு சேர்ந்த தோல் பைக்குள் அதைப் போட்டு டிரைவரிடம் கொடுப்பார்கள். கையில் டோக்கன் இருந்தால்தான் அந்தப் பாதையில் போக அனுமதி. நிற்காமல் போகும் ரயிலின் ஊழியர்கூட, ஓடுகிற வண்டியிலிருந்து கையை நீட்டி ஒரு வளையத்தை எறிந்துவிட்டு இன்னொன்றைப் பற்றிக்கொண்டு போவார். இரவு ரயிலுக்காகக் கையில் விளக்கோடு ஒருவர் நடைமேடையில் நின்றே ஆகவேண்டும். ஊரில் ஒரு பயணிகூட இல்லாவிட்டாலும் அந்த நிலையம் இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருந்தது இதனால்தான். அன்றைக்கு ரயிலடியின் உயிர் பயணிச்சீட்டில் இல்லை, டோக்கன் பெட்டியில் இருந்தது.

செட்டிநாட்டுக்கு ரயில் வந்த காலம்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்ப்பவர்கள், பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்கும் ரயிலில்தான் வந்து இறங்கியிருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் வேறு படம் கிடைக்கிறது.

மதுரையிலிருந்து மண்டபம் வரையிலான பாதை 1902-லேயே வந்துவிட்டது. அது மானாமதுரை வழியாகப் போனது. செட்டிநாட்டுக்குத் தெற்கே ஒதுங்கிப் போனதே தவிர உள்ளே நுழையவில்லை. கிழக்கே, தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் செலவில் போட்ட பாதை 1894-ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை வந்து, 1903 முடிவில் அறந்தாங்கியை எட்டியது. அங்கேயே நின்றுவிட்டது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடிவரை ரயில் போனபோதும் காரைக்குடிக்குத் தண்டவாளம் இல்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-லும், புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930-லும்தான் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை வந்தது. திருமயம், செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை ரோடு, கல்லல், பனங்குடி, சிவகங்கை என்று ரயில்வே அட்டவணையில் இந்த ஊர்கள் ஏறியது அப்போதுதான்.

ஆனால் நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனது அதற்குப் பல தலைமுறை முன்பே. வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து எழும்பத் தொடங்கியவை. 1930-க்கு முன் எழும்பிய வீட்டுக்கு வந்த தேக்குத்தூணின் கடைசி வழி மாட்டுவண்டித் தடமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ரயில் வந்த ஆண்டைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். 1930 என்பது உலகப் பொருளாதார வீழ்ச்சி பர்மா அரிசியைத் தாக்கிய நேரம். நெல் விலை சரிந்தது, கடன் வாங்கிய பர்மிய உழவர்களால் திருப்பிக் கட்ட முடியவில்லை, அடமான நிலங்கள் அங்கே வட்டிக்குப் பணம் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930-ல் 6 விழுக்காடு. 1938-ல் அது 25 விழுக்காடு. மேலுக்கு இது செல்வம் பெருகியதுபோல் தெரியும். உண்மையில் பணமாகச் சுழன்ற முதல் அசையாத மண்ணாகச் சிக்கிக்கொண்டது. 1942-ல் ஜப்பானியப் படை வந்தது. விடுதலை பெற்ற பர்மா 1948-ல் நிலத்தை நாட்டுடைமை ஆக்கும் சட்டம் கொண்டுவந்தது.

ஆக, எந்தப் போக்குவரத்தை நம்பி இந்தப் பாதை செழித்திருக்க வேண்டுமோ, அது பாதை போட்ட பன்னிரண்டே ஆண்டில் அறுந்துவிட்டது. இந்தப் பகுதியின் நிலையங்களைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம் என்பது என் கருத்து. பிற ஊர்களில் ரயிலடி தேய்ந்ததற்குப் பேருந்தைக் காரணம் சொன்னால் போதும். இங்கே அதற்கு முன்பே அடித்தளம் ஆடிவிட்டது.

'ரஸ்தா' என்ற பெயரில் இருக்கும் செய்தி

தேவகோட்டை ரோடு நிலையத்தை ஊர்க்காரர்கள் இன்றும் 'தேவகோட்டை ரஸ்தா' என்கிறார்கள்; ரஸ்தா என்றால் சாலை. ரயில்வே வழக்கில் ஊர்ப் பெயரோடு 'ரோடு' சேர்ந்தால், நிலையம் ஊரில் இல்லை, ஊருக்குப் போகும் சாலையில் இருக்கிறது என்று பொருள். மலையடிவாரத்தில் இருக்கும் கொடைக்கானல் ரோடு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். தேவகோட்டைக்காரர் ரயிலேறப் பல கிலோமீட்டர் வண்டி கட்டிப் போகவேண்டியிருந்தது. செட்டிநாடு நிலையமும் இந்த வகைதான். பெயர் ஒரு வட்டாரத்தின் பெயர், அருகிலுள்ள பெரிய ஊர் கானாடுகாத்தான், ஊருக்கும் ரயிலடிக்கும் நடுவே பொட்டல்.

பாதை போடுபவர்கள் நேர்கோட்டைத் தேடுவார்கள். செட்டிநாட்டு ஊர்களோ ஊருணியையும் கோயிலையும் சுற்றி, ஒன்றுக்கொன்று சில மைல் இடைவெளியில் சிதறிக் கிடப்பவை. எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களை ஒரே கோட்டில் கோக்க முடியாது. இதன் விளைவு பின்னால் தெரிந்தது. 1970-களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்து கிராமம்வரை பேருந்து விட்டபோது, ரயிலடிக்குப் போக ஒரு வண்டி, அங்கிருந்து ரயில், இறங்கி இன்னொரு வண்டி என்ற கணக்கு தோற்றுப்போனது. பேருந்து ஊருணிக்கரைக்கே வந்து நின்றது.

வேலைகள் கழன்ற வரிசை

முதலில் போனது தண்ணீர். நீராவி இன்ஜின் போய் டீசல் வந்ததும் வழியில் தண்ணீர் பிடிக்க நிற்கும் தேவை ஒழிந்தது.

அடுத்து சரக்கு. ஒரு காலத்தில் ஒரே ஒரு வேகன் நெல்லையோ உப்பையோ உரத்தையோகூடச் சிற்றூர் நிலையத்தில் கழற்றி நிறுத்திவிட்டுப் போவார்கள். 1980-களிலிருந்து முழு ரயிலுக்கும் ஒரே சரக்கு, ஒரே சேருமிடம் என்ற முறைக்கு ரயில்வே மாறியது. நாற்பது வேகனை நிறுத்த இடமில்லாத நிலையத்துக்கு அதில் பங்கில்லை. கூட்ஸ் ஷெட் பூட்டப்பட்டது. சில்லறைச் சரக்கு லாரிக்குப் போனது.

இதற்கிடையே தெற்கு முனையும் ஒடிந்தது. 1964 டிசம்பர் 22 இரவில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இலங்கைக்குக் கப்பல் ராமேசுவரத்திலிருந்து புறப்படலாயிற்று, அதுவும் 1984-ஓடு நின்றது. திருச்சியிலிருந்து மானாமதுரைக்குத் திண்டுக்கல், மதுரை சுற்றாமல் சுமார் 50 கிலோமீட்டரை மிச்சப்படுத்தித் தந்த குறுக்குவழி இது. கடல் கடக்கும் பயணம் நின்றபின் ராமேசுவர யாத்திரைதான் அதன் முக்கியத் தேவையாக மிஞ்சியது. யாத்திரை ரயில் தொலைதூர ரயில். அது சிற்றூரில் நிற்பதில்லை.

காரைக்குடி மட்டும் தப்பியது. அங்கே புதிய காரணம் ஒன்று பிறந்திருந்தது. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-ல் திறக்கப்பட்டது. மாணவர்களும் ஊழியர்களும் வந்தார்கள். 1952-ல் அறந்தாங்கிப் பாதையும் காரைக்குடியோடு சேர்ந்து அது சந்திப்பு ஆனது. அந்தப் பாதையில் கண்டனூர் புதுவயல், வாளரமாணிக்கம் ஆகிய ஊர்களும் ரயில் கண்டன. மீட்டர் கேஜ் காலத்தில் பட்டுக்கோட்டை, திருவாரூர் வழியாகச் சென்னைக்குப் போன கம்பன் எக்ஸ்பிரஸை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. கம்பன் விழா எடுக்கும் ஊருக்குப் பொருத்தமான பெயர் அது.

அகலப்பாதை: இருந்த நிலையத்தை என்ன செய்தது?

மீட்டர் கேஜ் என்றால் இரு தண்டவாளங்களுக்கு நடுவே 1000 மில்லிமீட்டர். அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். நாடு முழுக்க ஒரே அகலம் என்ற திட்டம் 1992-ல் தொடங்கியது. திருச்சி–மானாமதுரைப் பாதை 2000-களின் பிற்பகுதியில் மாறியது. காரைக்குடி–பட்டுக்கோட்டை–திருவாரூர்ப் பாதையில் 2012-ல் ரயிலை நிறுத்தினார்கள். காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வரை 2018-லும், அங்கிருந்து திருவாரூர் வரை 2019-லும்தான் மறுபடி திறந்தது. ஆறு ஆண்டுகள் கண்டனூர் புதுவயல் நிலையத்தில் ரயிலே இல்லை.

676 மில்லிமீட்டர் கூடுவதால் நிலையம் ஏன் பாதிக்கப்பட வேண்டும்? காரணங்கள் மூன்று.

1. உயரம். பழைய நடைமேடைகள் தாழ்ந்தவை, சில இடங்களில் தரையேதான் நடைமேடை. அகலப்பாதையின் உயர்ந்த நடைமேடை தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை எழும்பும். பழைய கட்டடத்தின் தரை அதற்குக் கீழே போய்விடும். மழை பெய்தால் தண்ணீர் டிக்கெட் அறைக்குள் வரும். கட்டடத்தை உயர்த்த முடியாது, எனவே தள்ளிப் புதிதாகக் கட்டுவார்கள். பழையது ஓடு சரிந்து நிற்கும்.

2. வளைவு. வேகம் கூட வேண்டுமானால் வளைவைத் தளர்த்த வேண்டும். சில இடங்களில் தண்டவாளமே பழைய தடத்தை விட்டு விலகும்.

3. பிளாக்கின் நீளம். இதுதான் முக்கியம். ரயில் வேகமானால் அதே துண்டைக் குறைந்த நேரத்தில் கடந்துவிடும். ஒரு நாளில் சில ரயில்களே ஓடும் பாதைக்கு எட்டு, பத்து கிலோமீட்டருக்கு ஒரு பிளாக் நிலையம் தேவையில்லை, இருபதுக்கு ஒன்று போதும் என்று கணக்கு மாறுகிறது. ஒரு பிளாக் நிலையத்தை இரவும் பகலும் நடத்த முறைவைத்து மூன்று, நான்கு ஸ்டேஷன் மாஸ்டர்களும் அதே அளவு பாயின்ட்ஸ்மேன்களும் வேண்டும். பாதை மாற்றும் நேரத்திலேயே சில நிலையங்களை ஹால்ட்டாக இறக்கிவிட்டால் அந்தச் செலவு மிச்சம். கிளைத் தண்டவாளமும் சிக்னலும் போய்விடும். டோக்கன் உருண்டை காத்து நின்ற நிலையம் வெறும் நிறுத்தமாகிறது.

ஆள் இல்லாமல் பாதையை ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் திருவாரூர்ப் பாதையே சாட்சி. 2019-ல் ரயில் தொடங்கியபோது லெவல் கிராசிங்குகளுக்குப் போதிய கேட் கீப்பர்கள் இல்லை. ரயிலிலேயே ஊழியர்கள் போனார்கள். ஒவ்வொரு கேட்டிலும் வண்டி நிற்கும், ஒருவர் இறங்கி கேட்டை மூடுவார், வண்டி கடந்து மறுபடி நிற்கும், திறந்துவிட்டு ஏறிக்கொள்வார்கள். 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அறந்தாங்கிக்காரர் யாரும் அவசரத்துக்கு அதில் ஏற மாட்டார். ஆளில்லாத ரயிலுக்குப் பயணி வரவில்லை, பயணி வராததால் ஆள் போடவில்லை. கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்ட பாதையை முதல் ஆண்டிலேயே மக்கள் கைவிடும்படி செய்வதற்கு இதைவிட வழி இல்லை. மனம் வெதும்பும் விஷயம் இது.

2020-க்குப் பின்

கொரோனா ஊரடங்கில் 2020 மார்ச்சில் பயணிகள் ரயில் எல்லாம் நின்றன. திரும்ப வந்தபோது கால அட்டவணையைப் புதிதாக எழுதினார்கள். வருமானம் குறைந்த பல சிறு நிறுத்தங்கள் அதில் விடுபட்டன. ஓடிய பாசஞ்சர் ரயில்களும் 'எக்ஸ்பிரஸ் சிறப்பு ரயில்' என்ற பெயரில் வந்ததால் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆனது. 2024 தொடக்கத்தில்தான் பழைய கட்டணம் திரும்பியது. கல்லலிலிருந்து காரைக்குடிக்குக் காய்கறிக் கூடையோடு போகிறவருக்கு அந்த 20 ரூபாய் வேறுபாடு சிறியதல்ல. நான்கு ஆண்டு பேருந்துக்குப் பழகியவர் ரயிலுக்குத் திரும்புவது கடினம்.

நிலையங்களைத் தரம் பிரிக்கும் முறையும் 2017-ல் மாறியது. முன்பு முக்கியமாக வருமானத்தை வைத்து ஏ1 முதல் எஃப் வரை எழுத்துகள் இருந்தன. இப்போது வருமானத்தோடு பயணிகள் எண்ணிக்கையும் பார்க்கப்பட்டு, ஹால்ட்டுகளுக்குத் தனிப் பிரிவே உண்டு. குடிநீர், நிழல், இருக்கை என்ற வசதிகள் எல்லாம் அந்தத் தரத்தை ஒட்டியே வரும். நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டத்தில் காரைக்குடி நிலையம் மெருகேறுவதும், பக்கத்து ஹால்ட்டில் விளக்குகூட இல்லாததும் ஒரே ஏற்பாட்டின் இரு முகங்கள்.

ஊர் எதைக் கேட்க வேண்டும்?

"எங்கள் நிலையத்தைத் திறக்க வேண்டும்" என்ற மனு பெரும்பாலும் பதிலின்றிப் போவதற்குக் காரணம், திறக்க வேண்டியது எது என்று அதில் இல்லாமல் இருப்பது. ரயிலடி இழந்த வேலை எது என்பதைப் பொறுத்துக் கேட்கும் விதம் மாறும்.

1. நடைமேடை இருக்கிறது, டிக்கெட் விற்க ஆள் இல்லை என்றால், ஹால்ட் ஏஜென்ட் நியமனம் கேட்க வேண்டும். இதற்குச் செலவு மிகக் குறைவு. ஊரிலிருந்தே ஒருவர் முன்வந்தால் வேலை எளிது.

2. டிக்கெட் உண்டு, ரயில் நிற்பதில்லை என்றால், கேட்க வேண்டியது நிறுத்தம். ரயில்வே சில மாதங்களுக்குப் பரிசோதனை நிறுத்தம் கொடுத்து டிக்கெட் விற்பனையைப் பார்க்கும். அந்த மாதங்களில் ஊர்க்காரர்கள் அந்த நிலையத்திலேயே டிக்கெட் எடுக்க வேண்டும். காரைக்குடியில் எடுத்துவிட்டு இங்கே ஏறினால் கணக்கு காரைக்குடிக்குப் போய்விடும்.

3. பாசஞ்சர் ரயிலே இல்லை என்றால் நிறுத்தம் கேட்டுப் பயனில்லை. காலை கல்லூரி, ஆஸ்பத்திரி நேரத்துக்குப் போய், மாலை திரும்பும் ஒரு ரயிலைப் பக்கத்து ஊர்கள் சேர்ந்து கேட்க வேண்டும். ஓர் ஊரின் மனுவைவிட எட்டு ஊரின் மனு பேசும்.

4. பிளாக் நிலையமாக மறுபடி ஆக்குவது எல்லாவற்றிலும் கடினம். பிடுங்கிய கிளைத் தண்டவாளத்தையும் சிக்னலையும் புதிதாகப் போட வேண்டும், ஆட்கள் வேண்டும். பாதையில் ரயில்கள் பெருகி, கிராசிங்குக்கு இடம் போதாமல் வண்டிகள் காத்துக்கிடக்கும் நிலை வந்தால் மட்டுமே ரயில்வே இதைத் தானாக எண்ணிப் பார்க்கும்.

பழைய கட்டடம் தனி விஷயம். அது நிற்கும் நிலம் ரயில்வேயுடையது. பஞ்சாயத்து தானே இறங்கி அதைப் பழுதுபார்க்க முடியாது, கோட்ட மேலாளர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். திருவாரூர்ப் பாதைக்குத் திருச்சிக் கோட்டம், புதுக்கோட்டை–மானாமதுரைப் பாதைக்கு மதுரைக் கோட்டம். மனுவை மாற்றி அனுப்பி மாதக்கணக்கில் காத்திருந்த ஊர்கள் உண்டு. பூட்டிக் கிடக்கும் கட்டடத்தின் மரச்சட்டமும் ஓடும் இன்னும் பல மழைக்குத் தாங்காது. அதனால் நிறுத்தம் கேட்கும் மனுவோடு சேர்த்தே, கட்டடத்தை இடிக்காமல் காத்திருப்போர் நிழற்கூடமாகவாவது வைத்துக்கொள்ளும்படி கேட்பது நல்லது.